மாமியின் பெல்ஜியம் கண்ணாடி

யுத்த காலத்தில் மயிலாப்பூரில் ஒரு மாமியின் வீட்டில் குடியிருந்தோம். ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரே பயந்து கிடந்தது. குண்டு வெடித்தால் சில்லு தெறிக்காமலிருக்க, ஜன்னல் கண்ணாடிகளில் காகிதம் ஒட்டச் சொன்னார்கள். நானும் மைதா பசை காய்ச்சி, தெருவில் நின்று பத்திரிகைத் தாளைப் பட்டை பட்டையாக ஒட்டினேன்.

மாமிக்குக் கோபம். "ஏண்டி, கப்பல்ல வந்த பெல்ஜியம் கண்ணாடி! அதுமேல பசையை அப்பிண்டு நிக்கறயே!"

"உடையாம இருக்கத்தான் ஒட்டறேன், மாமி" என்றேன். அன்றோடு என்னிடம் பேச்சை நிறுத்திவிட்டார்.

ஒரு மத்தியானம் படாரென்று சத்தம் கேட்டது. கூடத்தில் கண்ணாடிச் சில்லுகள் சிதறின. "குண்டு!" என்று அலறிக் கட்டிலுக்கு அடியில் பாய்ந்தேன். மறுநொடி மாமியும் உருண்டு வந்து சேர்ந்து, என் கையை இறுகப் பிடித்தார். "பயப்படாதேடி, நான் இருக்கேன்" என்றார். சொல்லிக்கொண்டே என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார்.

வெகுநேரம் கழித்து எட்டிப் பார்த்தோம். ஜன்னலுக்கு வெளியே மாமியின் சொந்தப் பசு, பத்திரிகைத் தாளை மென்றுகொண்டு நின்றது. பசையை நக்க வந்து கொம்பால் இடித்திருக்கிறது!

மாமி ஓடிப்போய் அதன் நாக்கில் காயமில்லையே என்று பார்த்தார். பிறகு பசுவைக் காட்டி, "இவளுக்கு ஜப்பான்காரனே தேவலை" என்றார். இருவரும் கண்ணில் நீர் வரச் சிரித்தோம்.

பெல்ஜியம் சரக்கு வராததால் உள்ளூர்க் கண்ணாடி போட்டார்கள். அது குமிழும் நெளிவுமாக இருந்ததால், தெருவில் போகிறவர்களின் மூக்கு முழநீளம் தெரியும். சாயங்காலங்களில் இருவரும் உட்கார்ந்து அதை வேடிக்கை பார்ப்போம். யுத்தம் முடிந்த பிறகும் மாமி அதை மாற்றவில்லை. அந்தப் பயங்கர நாட்களை நினைத்தால், எனக்கு இன்றும் சிரிப்புதான் முந்திக்கொண்டு வருகிறது.