அஞ்சலாட்சி காத்த கண்

முத்தியால்பேட்டைத் தையல்காரர் கிருஷ்ணசாமிக்கு வலது கண் சிறுவயதிலேயே போய்விட்டது. பிழைப்பெல்லாம் இடது கண்ணில்தான். மூக்குக்குள் சதை வளர்ந்து அடைத்திருந்ததும் இடது பக்கம். அங்கே கண்ணுக்கும் மூக்கின் உள்ளறைக்கும் நடுவே காகிதம் போல ஓர் எலும்புதான் தடுப்பு.

அதனால் அன்று அந்தச் சதையை எடுக்கும் ஆபரேஷனில் தியேட்டர் நர்ஸ் அஞ்சலாட்சிக்குக் கண்ணைப் பார்க்கும் வேலை. வேலை பார்த்த மில் மூடியபின் அவள் அப்பா பெட்டிக்கடை வைத்து அவளைப் படிக்கவைத்தார். படிப்பு முடிந்ததிலிருந்து அவள் நின்றே சம்பாதிக்கிறாள். டாக்டர் விஜயராகவன் மூக்குக்குள் விட்ட கேமரா காட்டும் திரையைப் பார்த்து உள்ளே வெட்டுவார். அவள் திரைப் பக்கம் திரும்பக் கூடாது. நோயாளியின் முகத்தில் துணி போர்த்தாமல் விட்ட கண்ணின் இமைமேல் விரல் வைத்து அதையே பார்க்க வேண்டும்.

பாதியில் ரத்தம் பெருகியது. குழாய் உறிஞ்ச உறிஞ்ச மறுபடி ஊறியது. கேமரா முனையைத் துடைத்தும் திரை முழுக்கச் சிவப்பு. எல்லாத் தலைகளும் அந்தப் பக்கம் திரும்பின. அவள் கழுத்தும் திரும்பத்தான் பார்த்தது. விடவில்லை.

"இன்னும் துளிதான். எடுத்துடறேன்," என்றார் டாக்டர்.

விரலுக்கடியில் கண் லேசாக இழுபட்டது.

"சார், கண்ணு அசையுது. நிறுத்துங்க."

கருவி மெல்ல வெளியே வந்தது. "இதுக்குத்தான் உங்கள நிக்க வெக்கிறேன் சிஸ்டர்," என்றார். நெற்றி வியர்த்திருந்தது.

ரத்தக்குழாயைச் சுருக்கும் அட்ரினலினில் நனைத்த பஞ்சு உள்ளே போயிற்று. மேசையின் தலைமாடு உயர்ந்தது. மயக்க மருந்து டாக்டர் ஹேமலதா ரத்த அழுத்தத்தைச் சற்று இறக்கினார். பிறகு ரத்தம் நிற்கும்வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்பதுதான் வேலை.

"ஏன் மேடம் இப்படி ஊத்துது?" என்று கேட்டாள் அஞ்சலாட்சி.

"எங்கிட்ட கேட்டா? மனுஷன் எத முழுங்கிட்டு வந்தாரோ," என்றார் ஹேமலதா.

அஞ்சலாட்சி இமையைத் தூக்கிப் பார்த்தாள். கண்பாப்பா விரியவில்லை. பின்னால் ரத்தம் கட்டினால் கண் கல்லாக இறுகும்; தொட்டதில் இறுகவில்லை. மறுபடி தொட்டாள்.

பஞ்சை எடுத்ததும் படம் தெளிந்தது. எலும்பில் சின்ன விரிசல். அதன் வழியே கண்ணைச் சுற்றிய கொழுப்பு மஞ்சளாக எட்டிப்பார்த்தது. மீதியை இன்னொரு நாள் பார்க்கலாம் என்று டாக்டர் முடித்துவிட்டார்.

மயக்கம் தெளிந்தவர் முன்னால் அவள் விரல் நீட்டினாள். "எத்தினி?"

"ரெண்டு."

"ரத்தம் உறையாம இருக்க மாத்திர எதனா போடறீங்களான்னு கேட்டதுக்கு இல்லன்னீங்களே?"

"இல்லியேம்மா. தலவலிக்குத் தினம் ஒண்ணு, கடையில வாங்கிப் போடுவேன். அதுகூட மாத்திரையில சேத்தியா?"

"சேத்திதான். அதுவும் ரத்தத்த உறைய வுடாது. அடுத்த வாட்டி அத வுட்டுட்டு வாங்க."

அவர் அடைத்த மூக்கோடு அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "கை ஓரம் தையல் வுட்டிருக்கும்மா. குடு, தச்சித் தரேன்."

குனிந்து பார்த்தாள். பச்சைச் சட்டையின் கையோரம் ஒரு விரற்கடை பிரிந்திருந்தது. அவ்வளவு நேரம் அவள் கண்ணில் அது படவில்லை.