வேண்டாம் சார்

அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதை அந்தக் குடியிருப்பில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. "வேண்டாம் சார் வீடா? கடைசி வரிசையில போய்க் கேளுங்க. கேக்கறதுக்கு ஆள் இருந்தா" என்றுதான் வண்டிக்காரர் என்னை இறக்கிவிட்டார்.

என்னை வேலைக்கு வைத்தது அவருடைய மகள். வேறு ஊரில் இருந்தாள்.

"அப்பாவுக்கு லேசா பக்கவாதம் வந்து தேறிட்டார்மா. இடது கையில மட்டும் பலம் குறைவு. என்கூட வந்துடுங்கன்னா கேக்க மாட்டேங்கிறார். நீங்க ஒரு மாசம் கூட இருந்து பாருங்க. அவர் தனியா இருக்கலாமா கூடாதான்னு நீங்கதான் சொல்லணும். உங்க பேச்சுக்கு ரெண்டு பேரும் கட்டுப்படறதுன்னு முடிவு பண்ணியிருக்கோம்."

நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி எடுத்தவள் நான். இப்படி எத்தனையோ வீடுகள் பார்த்திருக்கிறேன். பெரும்பாலும் பிள்ளைகள் முன்பே முடிவெடுத்துவிடுவார்கள், பழியைச் சுமக்க ஓர் ஆள் தேவைப்படும். இந்தப் பெண் அப்படியில்லை, நிஜமாகவே கேட்டாள்.

வீடு சுத்தமாக இருந்தது. இரண்டு அறை, ஒரு சமையலறை. சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிரே அணுமின் நிலையம். அது மூடப்பட்டுப் பல வருடங்களாகின்றன. புகைபோக்கியில் பறவைகள் உட்கார்ந்திருக்கும். வாசல் காவலுக்கும் உள்ளே இயந்திரங்களைக் கழற்றும் வேலைக்கும் மட்டும் சிலர் வந்துபோவார்கள். குடியிருப்பு முழுக்கக் காலி. அந்த வரிசையில் விளக்கு எரிந்தவை இரண்டே வீடுகள்: இவருடையதும், எதிரே இருந்த ஷிப்ட் இன்ச்சார்ஜ் வீடும். நிலையம் ஓடிய நாளில் கட்டுப்பாட்டு அறையை நடத்தியவர் அவர். அவருக்கும் மனைவி இல்லை.

இவர் நிலையத்தின் ஆள் இல்லை. நிலையத்தைக் கண்காணிக்க அரசாங்கம் அனுப்பிய பாதுகாப்பு ஆய்வாளர். அங்கேயே குடியிருந்து தினமும் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் அங்கே ஒரு வாய் டீ கூடக் குடிக்கக் கூடாது. யார் வீட்டுக்கும் போய் உட்காரக் கூடாது, யாரிடமும் ஒரு பழம் வாங்கக் கூடாது. நட்பு வந்தால் கண் மங்கும் என்பது அவர்கள் துறையின் கணக்கு. அப்படித்தான் 'வேண்டாம் சார்' ஆனார். டீயா, வேண்டாம். மழை பெய்கிறது, வண்டியில் ஏறுங்கள் சார். வேண்டாம். அவருடைய மனைவிக்கும் அந்த ஊரில் பேச்சுத்துணை கிடைக்கவில்லை. சாகும்வரை ரேடியோவோடுதான் பேசினாளாம். அவரே சொன்னார், காய் நறுக்கிக்கொண்டே.

ஒரு நாள் மாலை எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"என்ன சார், பென்ஷன் வாங்கி இத்தனை வருஷம் ஆச்சு. இன்னுமா சட்டம்? ஒரு டீ குடிச்சா அரசாங்கம் கவுந்துடுமா?"

"வேண்டாம்."

"பாத்தீங்களா சிஸ்டர்? பக்கவாதம் கையைத்தான் தொட்டிருக்கு. அந்த வார்த்தையைத் தொடவே இல்ல."

"உள்ள வந்து உக்காந்து திட்டுங்களேன்" என்றேன்.

"கூப்பிட வேண்டியவர் கூப்பிடலையே."

ஆய்வாளர் கூப்பிடவில்லை. எதிர்வீட்டுக்காரர் திரும்பிப் போனார்.

"ஏன் சார்?" என்று கேட்டேன்.

"பழக்கம் விட்டுப்போச்சு சிஸ்டர். ஒருத்தரை உள்ள கூப்பிட்டு, அப்புறம் என்ன பேசறதுன்னு தெரியல" என்றார்.

நிலையம் நின்ற கதையையும் அவரிடமே கேட்டேன். உலையை நிறுத்தினாலும் அதன் சூடு உடனே அடங்காதாம். தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். மின்சாரம் போய்விட்டால் பம்புகளை ஓட்ட டீசல் ஜெனரேட்டர் சட்டென்று உயிர் பெற வேண்டும். ஒரு சோதனையில் அது தயங்கித்தான் கிளம்பியது. மறுபடி முயன்றார்கள், ஒழுங்காகக் கிளம்பியது.

"கிளம்பிடுச்சே, அப்புறம் என்னன்னு கேட்டாங்க. முதல் தடவை ஏன் தயங்குச்சுன்னு கேட்டேன். யாருக்கும் தெரியல. காரணம் தெரியறவரைக்கும் ஓட்டக் கூடாதுன்னு எழுதினேன். மேலே ஒத்துக்கிட்டாங்க."

நிறுத்திப் பிரித்துப் பார்த்ததில் வேறு இடங்களில் குழாய்கள் தேய்ந்திருப்பதும் தெரிந்தது. பழுது பார்க்கும் செலவைப் பார்த்த நிர்வாகத்தினர் ஒரேயடியாக மூடிவிட்டார்கள். ஊரே வேலையிழந்தது. பழி இவர் தலையில் விழுந்தது.

"சலூன்காரர் வாயே திறக்காம முடி வெட்டிவிட்டது உலகத்துலேயே எனக்கு மட்டும்தான்" என்றார். சிரிப்பதற்காகத்தான் சொன்னார். நானும் சிரித்துவைத்தேன்.

அவருக்கு அந்த வீட்டிலேயே இருக்க வேண்டும். காரணம் பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. "இங்க எந்தப் பொருள் எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்" என்றார். என்னிடம் ஒரு நிபந்தனை மட்டும் வைத்தார்.

"சொல்லிட்டுச் சோதிக்காதீங்க. சொல்லிட்டு வந்தா எல்லாரும் ஒழுங்காத்தான் இருப்பாங்க."

எனவே கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் பாதியில் திரும்புவேன். பின்வாசல் வழியாக வருவேன். மாத்திரை சரியாகப் போட்டிருப்பார். குளியலறையில் கம்பியைப் பிடித்துத்தான் நடப்பார். தரையில் உட்காரவைத்து எழுந்திருக்கச் சொன்னேன். நேரம் பிடித்தது, ஆனால் எழுந்தார். இருக்கலாம் என்றே சொல்லிவிடுவேன் என்று நினைத்திருந்தேன்.

மாத முடிவுக்குக் கொஞ்சம் முன்பு, ஒரு பகலில், கடையிலிருந்து திரும்பிப் பின்கதவைத் திறந்ததும் காஸ் நெடி முகத்தில் அடித்தது. அடுப்பின் மேல் பால் பாத்திரம். குமிழ் முழுக்கத் திருப்பியிருந்தது, பற்றவைக்கவில்லை. குமிழை மூடினேன். எந்த சுவிட்சையும் தொடாமல் ஜன்னல்களைத் திறந்துவிட்டு, முன்னறையில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தவரைக் கையைப் பிடித்து வெளியே இழுத்து வந்தேன்.

"என்ன சிஸ்டர்?"

"நாத்தம் தெரியலையா?"

"என்ன நாத்தம்?"

நெடி போன பிறகு ஒரு கிராம்பை நசுக்கி மூக்கருகே வைத்தேன். சோப்பை வைத்தேன். தலையை ஆட்டினார். எதுவும் தெரியவில்லை. அடுப்பைத் திறந்தது நினைவிருக்கிறதா என்றேன். வெகுநேரம் யோசித்தார்.

"பால் எடுத்தது ஞாபகம் இருக்கு. அப்புறம் பேப்பர்தான்."

என் கூச்சல் கேட்டு எதிர்வீட்டுக்காரர் ஓடிவந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் என்னைத் தனியே அழைத்துப்போனார்.

"ஒரே ஒரு தடவைதானே சிஸ்டர். காஸை எடுத்துட்டு கரண்டு அடுப்பு வெச்சுடலாம். காலையில சாயங்காலம் நான் வந்து பாக்கறேன். பொண்ணுகிட்ட சொல்லணுமா என்ன?"

அவர் சொன்ன வழி தப்பில்லை. நானும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஆய்வாளர் காதில் விழுந்துவிட்டது. "அடுப்பை மாத்தினா அடுப்புதான் மாறும்" என்றார். "திறந்தது எனக்கு ஞாபகமே இல்லையே. இன்னிக்கு அடுப்பு. நாளைக்கு மாத்திரை. எதுல தப்பு வரும்னு தெரியாம எதைக் காவல் காப்பீங்க?"

"உடனே ஆரம்பிச்சுடுவீங்களே!" எதிர்வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "எங்க பொழைப்பைத்தான் மூடினீங்க. உங்க வீட்டையுமா? நீங்களும் போயிட்டா இந்த வரிசையில நான் யார்கூட சண்டை போடறது?"

சொல்லிவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டு படியிறங்கினார்.

மகளுக்கு நான் போன் செய்ய வேண்டியிருக்கவில்லை. ஆய்வாளரே போனை எடுத்தார்.

"பாப்பா, நான் தனியா இருக்க முடியாது. ஆமா, தெரிஞ்சுதான் சொல்றேன். இல்லம்மா, அவங்க சொல்லல. நானே சொல்றேன். நீ லீவு கிடைக்கறப்போ வா. அதுவரைக்கும் சிஸ்டர் இருப்பாங்க." அந்தப் பக்கம் என்னவோ நீளமாகக் கேட்டாள். "வருத்தம் இருக்கு. அதுக்காக?" என்றார்.

போனை வைத்தார். பேச்சு கொடுத்துத் தேற்றும் பழக்கம் எனக்கில்லை. இடது கைக்கு எண்ணெய் தடவி விரல்களை நீவிவிட்டேன்.

நானும் கூடப் போய் மகளிடம் ஒப்படைத்தேன். மாடி வீடு. அவருக்கு நல்ல அறையாகவே கொடுத்திருந்தாள். பகலில் எல்லோரும் வேலைக்கும் படிப்புக்கும் போய்விடுவார்கள், ஒரு பெண் வந்து பார்த்துக்கொள்வாள். அவளிடம் மாத்திரை, குளியல், கைப்பயிற்சி எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். வாசனை தெரியாது என்பதை இரண்டு முறை சொன்னேன். அவர் கட்டிலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

பிள்ளைகள் வீட்டுக்குக் கூட்டிவரப்பட்டவர்கள் முதல் நாள் யாரையாவது திட்டுவார்கள். மருமகனை, டாக்டரை, என்னை. திட்டினால் மனம் கொஞ்சம் ஆறும். இவருக்குத் திட்ட ஆள் இல்லை.

"குளியலறை எந்தப் பக்கம்?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டார். அவள் காட்டினாள். எழுந்து, ஒவ்வொரு கதவாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே போனார். நான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.