கரையேறாத சிவப்பு வண்டி

அந்த வண்டி மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தால் பள்ளிக்கூடத்தில் என்னைப் பிடிக்க ஆளிருந்திருக்காது. மிராசுதாரின் மகன் பட்டணத்திலிருந்து கொண்டுவந்து ஓட்டி அலுத்துப்போன சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார். கூரை கிடையாது, இரண்டே இருக்கைகள். கிளப்பினால் தெருவே இருமும். கியர் நழுவும், பிரேக் இஷ்டப்பட்டால் பிடிக்கும். அப்பாவுக்கு எஞ்சின் என்றால் உயிர்; மிராசுதார் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் தூசி தட்டும் சாக்கில் அதைத் தடவிக்கொடுத்துவிட்டு வருவார்.

அதைப் பார்த்துவைத்துத்தான் மிராசுதார் கூப்பிட்டனுப்பினார். குத்தகைக்காரனை நிலத்தை விட்டு எழுப்ப முடியாது என்று சட்டம் வந்திருந்த நேரம். ஊருக்கு ஊர் கொடி, தகராறு. பாட்டன் காலத்திலிருந்து நாங்கள் குத்தகைக்கு உழுத அவருடைய வயலை அப்பாவாக விட்டுக்கொடுத்தால்தான் உண்டு.

"வயலை விட்டுடு, காரை எடுத்துக்க. தஞ்சாவூர்ல டாக்சி ஓட்டிப் பொழச்சுக்கலாம்" என்றாராம்.

அம்மா கொதித்துப்போனாள். "ரெண்டு பேரு உக்கார்ற வண்டியில எவன ஏத்துவீங்க? சோத்துக்கு என்ன வழி? முடியாதுன்னு சொல்லிட்டு வாங்க."

அப்பா எழுந்து மாட்டுக்கு வைக்கோல் போடப் போனார். எனக்கு அம்மாமேல் ஆத்திரமான ஆத்திரம். வயல் எங்கே ஓடிப்போகப்போகிறது, அங்கேயேதானே கிடக்கும்!

மறுநாள் அப்பா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு மிராசுதார்முன் போய் நின்றார். "மாடு வாங்குனாலும் பாரம் வச்சு ஆத்தங்கரையில ஏத்திப் பாத்துத்தானே வாங்குறோம். இதையும் பாத்துடலாங்க. ஏறிட்டா எடுத்துக்கிறேன்." எங்கள் பக்கத்து வழக்கம் அது. மிராசுதார் சிரித்துக்கொண்டே தலையாட்டினார்.

ஊரே வெண்ணாற்றங்கரையில் கூடிவிட்டது. மிராசுதாரின் டிரைவர் ஏறி உட்கார்ந்தார். பக்கத்து இருக்கையில் ஒரு நெல்மூட்டை. பின்னால் இன்னொன்றைக் கட்டிய அப்பா, கொஞ்சம் யோசித்து, அதன்மேல் மற்றொன்றையும் தூக்கி வைத்தார். பாவி மனுஷன், நம் வண்டியை நாமே இப்படி வதைப்பதா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வண்டி உறுமிக்கொண்டு ஏறியது. பாதி மேடு. முக்கால். முன்சக்கரம் கரையின் உச்சியைத் தொட்டேவிட்டது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார். அப்போதுதான் கியர் நழுவியது. டிரைவர் பிரேக்கை மிதிக்க மிதிக்க வண்டி பின்னால் உருண்டது. "ஓடுங்க, ஓடுங்க!" என்று கத்தினார். எல்லாரும் சிதறி ஓட, அது நேராக வாய்க்காலில் போய் உட்கார்ந்தது. நல்லவேளை, டிரைவருக்கு முழங்கைச் சிராய்ப்போடு போயிற்று.

"ஏறலைங்களே" என்றார் அப்பா, தரையைப் பார்த்தபடி. மிராசுதார் குடையை விரித்துக்கொண்டு நடந்தார். வண்டியை எங்கள் மாடுகள்தான் இழுத்து மேலே போட்டன.

அன்று அம்மா பாயசம் வைத்தாள். வண்டி போன வீட்டுக்குப் பாயசம் ஒரு கேடா என்று கிண்ணத்தைத் தள்ளிவிட்டேன்.

மிராசுதாரின் முகத்துக்கு நேராக அப்பா ஒருநாளும் முடியாது என்று சொன்னவரில்லை. அவரைப் பெற்றவரும் சொன்னதில்லை. அன்றும் அவர் சொல்லவில்லை, அந்த ஓட்டை வண்டியைச் சொல்லவைத்தார். இது புரிய எனக்கு எத்தனையோ வருஷம் ஆயிற்று. வண்டி முக்கால் மேட்டில் முக்கிக்கொண்டிருந்தபோது அப்பாவின் உதடு முணுமுணுத்ததைப் பார்த்தேன். மாரியம்மனைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வண்டி ஏறிவிட வேண்டுமென்றுதான் வேண்டுகிறார் என்று நினைத்து, பக்கத்தில் நின்று நானும் கைகூப்பினேன்: "தாயே, எப்படியாவது ஏத்திவிட்டுடு."