வீட்டில் நாலு ஓட்டு

போன தேர்தலுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை, முசஃபாவில் எங்கள் தொழிலாளர் கேம்ப் வாசலுக்கே வேன் வந்தது. கராமாவில் ஓர் ஓட்டல் மாடியில் விருந்து என்றார்கள். அரசியல் கூட்டம் என்று சொன்னால் இந்த வளைகுடா நாட்டில் வம்பு. அதனால் ஊரிலிருந்து எந்தக் கட்சி வந்தாலும் அதற்குப் பெயர் விருந்துதான். வாரம் முழுக்க வெல்டிங் புகையைக் குடித்துவிட்டு நாங்கள் போய் உட்கார்ந்தோம். வந்திருந்த பிரமுகரின் சட்டையில் மடிப்புக்கூடக் கலையவில்லை.

பிரியாணி முடிந்ததும் அவர் எழுந்தார். "தம்பிகளா, ஊருக்குப் போனப் போடுங்க. அம்மா, சம்சாரம், தங்கச்சி எல்லாரும் நம்ம சின்னத்துக்குத்தான் போடணும்னு கண்டிஷனாச் சொல்லிருங்க. காசு அனுப்புறவன் சொன்னா வீட்டுல மறுபேச்சு ஏது?"

இது புதிதில்லை. எல்லாத் தேர்தலிலும் அவர்களுக்கு வளைகுடாக்காரன் என்றால் ஒரு போன்தான். ஆனால் அன்று எனக்குப் பொறுக்கவில்லை. ஊருக்கு நேரில் போனால்தான் ஓட்டுப் போட முடியும் என்பதால் அந்த வாரம்தான் லீவு கேட்டிருந்தேன். போர்மேன் சிரித்துவிட்டார். "ஓட்டுக்கு லீவா? மாஃபி பாய், மாஃபி!" அரபியில் கிடையாது என்று அர்த்தம். இங்கே வந்த பிறகு நான் ஒரு தேர்தலில்கூட ஓட்டுப் போட்டதில்லை.

எழுந்து நின்றேன். "அண்ணே, எங்க ஓட்டு என்னாச்சு? இங்க இருந்தே போட வழி பண்றேன்னு ஒரு வார்த்த ஏன் சொல்ல மாட்டேங்குறீங்க?"

"ஒன் ஓட்டு ஒன் வீட்டுலதான்பா இருக்கு. நாலு ஓட்டக் கையில வச்சுக்கிட்டு ஒன்னுக்கு ஏன் அழுவுற?"

மாடியே சிரித்தது. எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. சைட்டுக்குப் போகும் பஸ்ஸில் போனில் சரித்திரம் கேட்கிற பழக்கம் எனக்கு உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்து ஆலைத் தொழிலாளிகள் ஓட்டுரிமை கேட்டு, வாசலில் நுழையாத அளவு பெரிய மனுவைப் பாராளுமன்றத்துக்குச் சுமந்து போனார்கள். உங்களுக்காக யோசிக்கத்தான் நாங்கள் இருக்கிறோமே, உங்களுக்கு எதற்கு ஓட்டு என்று சொத்துள்ள கனவான்கள் தள்ளிவிட்டார்கள். எத்தனையோ பேர் ஜெயிலுக்குப் போனார்கள். உலகம் இவ்வளவு தூரம் வந்த பிறகும், அதே பதிலை இந்த ஆள் பல்லைக் குத்திக்கொண்டே என் மூஞ்சிக்கு நேரே சொல்கிறான்!

கீழே இறங்கித் தெருவில் நின்றே வீட்டுக்குப் போன் போட்டு, நடந்ததையெல்லாம் என் மனைவியிடம் கொட்டினேன். கடைசியில் கத்தினேன். "இந்தா பாரு, இந்தத் தடவ நம்ம வீட்டுல யாரும் ஓட்டுப் போடக் கூடாது. எனக்கு இல்லாத ஓட்டு வீட்டுல ஒருத்தருக்கும் வேணாம்!"

அவள் நிதானமாகச் சொன்னாள்.

"ஒங்க கோவம் நாயந்தான். நீங்க கேட்ட கேள்வியும் சரிதான். எங்க ஓட்டெல்லாம் ஒங்க கையில இருக்குன்னு அந்த ஆளு சொன்னாருன்னுதான இம்புட்டுக் கத்துறீங்க? இப்ப நீங்களும் அதத்தான சொல்றீங்க?"

நான் போனைக் காது மாற்றி வைத்துக்கொண்டேன்.

"நான் காலையிலயே போயிப் போட்டுருவேன். யாருக்குன்னு கேக்காதீங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.