கோமதி போட்ட தரை

என் வீட்டுக்காரர் ரத்தினசாமிக்கு ஒரு வியாதி உண்டு. யார் வீட்டில் என்ன வேலை நடந்தாலும் போய்க் கை வைக்காமல் இருக்க முடியாது. கை வைத்து அது கெட்டுப்போனால் அந்த வீட்டுக்காரர்களையே திட்டுவார். எங்கள் ஊர் எருத்தேன்பதியில் இது தெரியாத ஆள் கிடையாது. அதிகம் பட்டவள் என் ஓரகத்தி கோமதி. அவளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாலே எனக்குக் கோபம்தான் முதலில் வருகிறது. வரட்டும்.

கோமதி என் கொழுந்தனார் மோகனசுந்தரத்தின் மனைவி. பக்கத்து வீடு. அந்த வீடு கட்டியபோது தரைக்கு டைல்ஸ் எடுத்தது என் வீட்டுக்காரர். குனிந்து முகம் பார்த்துத் தலை சீவலாம், அப்படி ஒரு பளபளப்பு. கோமதியை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. துடைக்கிற வேலை மட்டும் அவளுக்கு வந்தது.

பிறகு கொழுந்தனாருக்குப் பக்கவாதம் வந்து வலது கால் இழுத்துக்கொண்டது. தென்னந்தோப்பு, தக்காளிக்காடு, மோட்டார், ஆள்காரர் எல்லாம் கோமதி தலையில் விழுந்தது. அவள் அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை. பயிற்சி கொடுக்கக் கொடுக்கக் கால் கொஞ்சம் திரும்பிய நேரத்தில், அந்தக் கண்ணாடித் தரையில் வழுக்கி விழுந்தார். எழுந்து நடந்து மறுபடியும் விழுந்தார். அதோடு கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்றுவிட்டார். கழிப்பறைக்குப் போகக்கூட மனைவியைக் கூப்பிட வேண்டும் என்று கூச்சப்பட்டுத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார். நடக்காமல் கிடந்தால் இருக்கிற பலமும் போய்விடும் என்று டாக்டர் சொன்னார். அன்றைக்குத்தான் கோமதி தரையை மாற்றுவது என்று முடிவெடுத்தாள்.

டைல்ஸை உடைக்காமல் அதன் மேலேயே வினைல் என்கிற பிளாஸ்டிக் பலகை போடலாம் என்று விசாரித்து வைத்திருந்தாள். பாலக்காட்டுக் கடைக்கு என்னையும் கூட்டிப்போனாள். கடைக்காரர் பளபளவென்று ஒன்றை எடுத்து வைத்தார். கோமதி பையிலிருந்த பாட்டிலைத் திறந்து அதன்மேல் தண்ணீரை ஊற்றிக் கால் வைத்துப் பார்த்து, வேண்டாம் என்று தள்ளினாள். மரத்தின் வரிகள் ஆழமாகப் பதிந்த வேறொன்று வந்தது. சாம்பிள் பலகைகளை வரிசையாகத் தரையில் போடச் சொன்னாள். செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலை இழுத்து இழுத்து, அப்படியே தன் புருஷன் நடக்கிற மாதிரி அவற்றின்மேல் நடந்தாள். கடையில் நின்ற ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கோமதி யாரையும் பார்க்கவில்லை.

"இதுல வெரலு தட்டுதுங்கக்கா" என்று அதையும் ஒதுக்கினாள். கடையில் இருந்த அத்தனையிலும் நடந்து பார்த்துவிட்டு, வழுக்காமலும் தட்டாமலும் இருந்த மங்கலான பழுப்பு நிறத்தை எடுத்தாள்.

பலகை போட வந்த மலையாளப் பையன் பெயர் ஜிபின். ஒன்றோடொன்று மாட்டி மாட்டி, பசை எதுவும் இல்லாமல் போட்டான். சுவரோரத்தில் மட்டும் விரல் நுழையாத அளவுக்குச் சந்து விட்டான். "இது சூட்டுக்கு விரியும் சேச்சி. விரியறதுக்கு இடம் வேணும் கேட்டோ. மூடற பட்டை ஸ்டாக் இல்ல, வந்ததும் கொண்டாந்து அடிக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அன்று சாயங்காலம் கொழுந்தனார் கைத்தடியை ஊன்றிக்கொண்டு, யாரும் பிடிக்காமல், கட்டிலிலிருந்து வாசல்வரை நடந்து வந்தார். நிலையைப் பிடித்து நின்று, "டீ கெடைக்குமா?" என்றார். கோமதி அடுப்படிக்குள் போய் அழுதாள். நானும்தான் அழுதேன்.

இதைக் கெடுக்க ஒரு மனுஷனுக்கு எப்படி மனசு வரும்? அவர்கள் இரண்டு பேரும் கால் பயிற்சிக்கு ஆஸ்பத்திரி போயிருந்த நேரம், எங்களிடம் கொடுத்துப்போன சாவியை எடுத்துக்கொண்டு போய், என் வீட்டுக்காரர் அந்தச் சந்து முழுக்க வெள்ளைச் சிமெண்டை அடைத்துவிட்டார்.

கோமதி வந்து பார்த்துப் பதறினாள். "மாமா, இத ஏனுங்க அடைச்சீங்க? வெய்யலுக்கு விரியுமுன்னு அந்தத் தம்பி சொல்லிட்டுப் போனானுங்களே!"

"தேளும் பூரானும் பூந்துக்க வளை உட்டுட்டுப் போயிருக்கறான். எத்தன ஊடு கட்டுனவன் நானு, எனக்குத் தெரியாதா அம்மிணி?"

அவள் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள். "அதத் தோண்டுனீன்னா நா இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன், பாத்துக்க" என்றார் இவர். அண்ணன் பேச்சை ஆயுசில் தட்டாத கொழுந்தனார், "உடு கோமதி. நல்லதுக்குத்தான் செஞ்சிருப்பாரு" என்றார். அவருக்காகக் கோமதி ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தாள்.

பங்குனி வெயில். வீடோ மேற்குப் பார்த்த வீடு. அந்த வாரமே ஒரு மத்தியானம், விரிய இடமில்லாத பலகைகள் வாசலுக்கு முன்னால் வரப்பு மாதிரி எழும்பி நின்றன. இழுத்து நடந்த கால் அதில் தட்டி, கொழுந்தனார் நிலைப்படியில் போய் விழுந்தார். நெற்றியில் தையல். மறுபடியும் கட்டில்.

பார்க்க வந்த என் வீட்டுக்காரர் தம்பியின் நெற்றியைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்தார். "பிளாஸ்டிக்கு வேண்டாமுன்னு நா அன்னிக்கே சொன்னேன். பொம்பளைங்க கடைக்குப் போனா இப்படித்தான் ஆகும்."

"ஏனுங்க, வாய மூடுங்க!" என்று நான் கத்தினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் அப்படிப் பேசியதில்லை.

கோமதி எழுந்து உள்ளே போனாள். உளியும் சுத்தியலும் எடுத்து வந்து, சுவரோரமாக உட்கார்ந்து சிமெண்டைக் கொத்த ஆரம்பித்தாள். இவர் விடுவாரா? போய் அந்த வரப்பின்மேலேயே ஏறி நின்றுகொண்டார். "நா அடைச்சத நீ ஒடைப்பியா? எடுத்துருவியா நீ?"

"நகருங்க மாமா."

"மாட்டேன்."

அப்போது உள்ளே தடி ஊன்றுகிற சத்தம் கேட்டது. பின்னாலேயே கால் இழுபடுகிற சத்தம். நாங்கள் யாரும் கூப்பிடவில்லை. நெற்றிக்கட்டோடு கொழுந்தனார் அறையிலிருந்து வந்துகொண்டிருந்தார். ஒரு கை தடியில், ஒரு கை சுவரில். வரப்புக்கு இந்தப்பக்கம் வந்து நின்று மூச்சு வாங்கினார்.

"அண்ணா, எறங்குங்க. அது அவ போட்ட தரை."

என் வீட்டுக்காரர் தம்பியின் முகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு இறங்கினார். கோமதி தலை நிமிரவே இல்லை. உளியை அடுத்த மூலைக்கு நகர்த்தினாள். நான் எங்கள் வீட்டுச் சுத்தியலை எடுத்து வர ஓடினேன்.