யாரும் வரவில்லை, அரசே

ஊத்துக்குளி ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய பேப்பர் கடை இருக்கிறது. போன வருடம் வீட்டில் சேர்ந்துபோன செய்தித்தாள்களைப் போடப் போயிருந்தபோது, தராசுக்கு அருகில் அட்டையில்லாத ஒரு புத்தகம் கிடந்தது. எடுத்துப் புரட்டினேன். எல்லாம் பழைய நாடகங்கள். முதல் நாற்பது பக்கங்கள் இல்லை. பின்னால் எவ்வளவு போயிற்று என்று தெரியவில்லை. மேல் ஓரத்தை எலி தின்றிருந்ததால் எந்த நாடகத்துக்கும் பெயரும் இல்லை.

"புடிச்சிருந்தா எடுத்துட்டுப் போங்க. இங்க கெடந்தா கடலை மடிக்கத்தான் போகும்" என்றார் கடைக்காரர்.

மறுநாள் காலை வேலைக்குப் போகும் ரயிலில் அதைப் படிக்கப் பார்த்தேன். யார் அரசன், யார் மகள், யார் யாருக்கு விரோதி, ஒன்றும் பிடிபடவில்லை. தலையில்லாத கதையை எங்கிருந்து தொடங்கினால் என்ன என்று கண்ணை மூடி ஒரு பக்கத்தைத் திறந்து, விரல் பட்ட ஒரு வரியை மட்டும் படித்தேன். 'மந்திரியாரே, குதிரைகள் தண்ணீர் குடித்தாயிற்றா?' என்றிருந்தது.

திருப்பூர் வந்து சேரும்வரை அதையே யோசித்துக்கொண்டிருந்தேன். இதைக் கேட்டது போருக்குப் போகிற அரசனா, தோற்று வந்த அரசனா? எங்கள் முதலாளி நினைவுக்கு வந்தார். ஒரு பெரிய ஆர்டர் கடைசி நேரத்தில் கைவிட்டுப் போன அன்று, போனை வைத்துவிட்டு வெளியே வந்தவர், "பிள்ளைங்க எல்லாம் சாப்ட்டாச்சா?" என்றுதான் முதலில் கேட்டார். நல்ல மனது என்று அன்று நினைத்தேன். இப்போது யோசித்தால், அந்த நேரத்தில் பதில் தெரிந்த ஒரு கேள்வியாவது கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியிருக்கலாம்.

திருப்பூரை ஒட்டிய நெருப்பெரிச்சலில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொள்கிறேன். தைத்து வருகிற பனியனை உள்ளும் புறமும் திருப்பி, தையல் விட்டிருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிற வேலை. முன்னும் பின்னும் தெரியாத ஒற்றைத் துண்டை எடுத்து உற்றுப் பார்ப்பது எனக்குப் பழக்கமானதுதான். அதனால் அந்த விளையாட்டு பிடித்துப்போயிற்று. தினமும் பத்தரை மணி டீக்கு ஒரு வரி. அடுத்த வரியைப் படிக்கக் கூடாது என்பது நானே வைத்துக்கொண்ட சட்டம்.

இரண்டாம் நாளே ஒரு கூட்டாளி சேர்ந்துவிட்டாள். என் எதிர் மேஜையில் நிற்பவள். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி கணவனோடு திருப்பூருக்கு வந்து பத்து வருடமாகிறது. அவள் கோயிலுக்குப் போகிறேன் என்றால் சர்ச்சுக்குப் போகிறாள் என்று பொருள். டம்ளரோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "யக்கா, இன்னைக்கு என்ன விழுந்திருக்கு?" என்பாள்.

ஒருநாள், 'நீ அழுவதற்கு முன்பே என்னிடம் சொல்லியிருக்கலாம்' என்று வந்தது. 

"இது யாரோ புருசன் பேசுதது" என்றாள் அவள் உடனே. "எங்க வீட்டுலயும் இதேதான். சொன்னா காதுல வாங்க மாட்டாவ. அழுதபொறவு முன்னாடியே சொல்லக்கூடாதான்னு கேப்பாவ."

நான் அது ஒரு தாய் பேசியது என்றேன். டீ முடிகிறவரை வழக்காடினோம். யார் சொன்னது என்று இடது ஓரத்தில் பார்த்தால் தெரிந்துவிடும். இருவருமே பார்க்கவில்லை.

இன்னொரு நாள், 'இந்த விளக்கை இங்கே வைத்தது யார்?' அதற்கு எங்களால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. ஆனாலும் மூன்று நாள் அது மனதில் கிடந்தது. நானே ஒருமுறை அயர்ன் பெட்டி இடம் மாறியிருந்ததைப் பார்த்து அதே தோரணையில் கேட்க, பேக்கிங்கில் இருந்தவர்கள் என்னை ஒருமாதிரியாகப் பார்த்தார்கள்.

நவம்பர் மாதத்தில் ஒரு நாள் விரல் பட்ட வரி, 'யாரும் வரவில்லை, அரசே.'

இதில் பேச என்ன இருக்கிறது என்று வேறு பக்கம் திருப்பப் போனேன். அவள் என் கையைப் பிடித்தாள்.

"யக்கா, இது எங்கப்பா வசனம்."

"உங்கப்பா நாடகத்துல நடிச்சாங்களா கண்ணு? இத்தன நாளா சொல்லவே இல்ல?"

"நடிச்சாவன்னு சொல்ல முடியாதுக்கா. நின்னாவ."

அவளுடைய அப்பா கொத்தனார். ஆள் நல்ல உயரம். அவர்கள் ஊர்த் திருவிழாவில் அசனம் நடக்கும். அசனம் என்றால் ஊரே ஒன்றாகப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து. அதற்கு முன் பள்ளிக்கூட மைதானத்தில் மாலையில் ஒரு நாடகம். உயரத்தைப் பார்த்து அவரை வாயிற்காவலனாக நிறுத்திவிட்டார்கள். கையில் ஈட்டி. முழு நாடகத்துக்கும் நிற்க வேண்டும். அரசன், "யாரேனும் வந்திருக்கிறார்களா?" என்று கேட்கும்போது, "யாரும் வரவில்லை, அரசே" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் வேஷம்.

"ஒரு மாசம் அதைப் படிப்பாவக்கா. குளிக்கும்போது, சாப்பிடும்போது. ஒருக்கா 'யாரும்'ங்கதை அழுத்துவாவ, ஒருக்கா 'வரவில்லை'யை அழுத்துவாவ. எது நல்லாருக்குன்னு எங்ககிட்ட கேப்பாவ."

அப்படி மூன்று வருடம் சரியாகச் சொன்னவர், நான்காவது வருடம் மாற்றிச் சொல்லிவிட்டார். இவளுக்கு அப்போது எட்டு வயது. முன்வரிசையில் மண்ணில் உட்கார்ந்திருந்தாள். அரசனாக நடித்தவர் ஊர் தபால்காரர். அவர் கேட்டார். அப்பா ஒரு கணம் சும்மா நின்றார். பிறகு, "வந்திருக்காவ, அரசே" என்றார்.

"அப்புறம்?"

"அரசன் முழிக்காரு. யாருமே தொணைக்கு வரலன்னு அவரு அழுது பாடணும்லா. கொஞ்ச நேரம் பாத்துட்டு, 'அப்படியானால் அமரச் சொல்' அப்படின்னுட்டு, யாரும் வரலியேன்னு அழுது பாட ஆரம்பிச்சிட்டாரு. சனம் பூராவும் சிரிப்பு."

மறு வருடம் அவருக்கு வேஷம் கிடைக்கவில்லை. திரை இழுக்கச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் கேட்டதற்கு, "வாய் தவறிட்டு" என்றாராம். இத்தனை வருடமும் இவள் அதைத்தான் நம்பியிருந்தாள்.

எனக்கு அது ஒப்பவில்லை. ஒரு இடத்தில் தையல் விட்டிருந்தால் அது தவறு. தையல் முழுக்க வேறு நிறத்தில் ஓடியிருந்தால் யாரோ நூலை மாற்றியிருக்கிறார்கள். வாய் தவறினால் ஒரு சொல் விழுந்துபோகும், இல்லை குழறும். நேர்மாறான ஒன்றை, அதுவும் வீட்டுப் பேச்சில், தெளிவாகச் சொல்வாரா?

"அப்பாவக் கேளு கண்ணு" என்றேன்.

"இப்பப் போயி இதைக் கேக்கதாக்கும்?"

"எனக்காகக் கேளு."

மதியம் சாப்பாட்டு நேரத்தில், தையல் மிஷின்கள் எல்லாம் நின்றபிறகு போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள். என்னைப் பற்றிச் சொன்னாள். நானே பேசினேன்.

"வணக்கமுங்க. சாப்ட்டீங்களா? ஒண்ணுமில்லீங்க, நாடகத்துல நீங்க மாத்திச் சொன்னீங்களாமே, அதை ஏனுங்க சொன்னீங்கன்னு கேக்கலாம்னுதான்."

 அந்தப் பக்கம் கோழி கத்துவது கேட்டது.

"அது மாத்திச் சொன்னது இல்லம்மா" என்றார் அவர். "உள்ளதைத்தான் சொன்னேன்."

அவருடைய மனைவியின் அண்ணன் அப்போது நான்கு வருடமாக அவர்கள் வீட்டுப் படி ஏறாமல் இருந்தார். ஒரு கல்யாணப் பத்திரிகையில் பெயர் போடவில்லை என்ற கோபம். பக்கத்து ஊர்தான். வழியில் பார்த்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடுவாராம்.

"மேடையில நிக்கவனுக்குத்தான் சனம் முழுக்கத் தெரியும். வசனம் பேசுதவன் வசனத்தை நெனைப்பான். நான் சும்மா நிக்கேன், பாத்துட்டே நிக்கேன். கடைசியில, வேப்பமரத்துக்கிட்ட மச்சான் நிக்காவ. சட்டைக்கு மேல துண்டைப் போட்டுக்கிட்டு. அந்த நேரம் பாத்து அரசன் கேக்கான், யாராவது வந்திருக்காவளான்னு. கண்ணு முன்னாடி ஆள் நிக்கும்போது வரலைன்னு எப்படிம்மா சொல்ல? வாய் வரலை."

இவள் கையில் பிசைந்த சோறு அப்படியே இருந்தது. "அன்னைக்கு ராத்திரி மாமா நம்ம வீட்டுக்கு வந்தாவளே அப்பா" என்றாள். "எனக்கு மிட்டாய் தந்தாவ."

"அதுக்குத்தான்ளா வந்தாவ. நான் சொன்னது காதுல விழுந்துதான வந்தாவ."

போனை வைத்துவிட்டு அவள் மறுபடி சாப்பிட ஆரம்பித்தாள். அப்பா வசனத்தை உளறியதும் மாமா வீட்டுக்கு வந்ததும் ஒரே நாள் என்பது அவளுக்கு நினைவிருந்தது. ஒன்றால் இன்னொன்று நடந்தது என்பது மட்டும் தோன்றியதே இல்லை. எனக்கோ மனம் நிறைந்திருந்தது. வேஷம் போனாலும் உறவு திரும்பியது என்று வீட்டில் எல்லோரிடமும் அந்தக் கதையைச் சொன்னேன்.

கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு அவள் ஊருக்குப் போனாள். "மாமாவப் பாத்தா அந்தப் பக்கத்துக் கதையையும் கேட்டுட்டு வா" என்று சொல்லி அனுப்பினேன். புத்தாண்டு கழிந்து திரும்பியவள், பை நிறைய முறுக்கோடு வந்து என் முன்னால் நின்று சிரித்தாள்.

"மாமாவுக்கு ஒண்ணுமே கேக்கலையாம்க்கா."

"என்ன கேக்கல?"

"வசனந்தான். வேப்பமரத்துக்கிட்ட மைக்செட் கரகரன்னுதான் கேக்குமாம். எல்லாரும் சிரிக்காவளே, என்னத்துக்குன்னு பக்கத்துல நின்னவன்கிட்ட கேட்டாவளாம். அவனுக்கும் தெரியலையாம்."

"அப்பறம் எதுக்கு ஊட்டுக்கு வந்தாங்களாம்?"

"அசனத்துக்கு வந்தேன், ஒங்கம்மா வீட்டுக்கு வாங்கண்ணேன்னு கூப்பிட்டா, போனேன்னு சொல்லுதாவ."

"இதை அப்பாகிட்ட சொன்னியா?"

"சொன்னேன். 'அவிய அப்படித்தான் சொல்லுவாவ'ன்னுட்டு எந்திச்சுப் போயிட்டாவ."

நான் டீயை வைத்துவிட்டேன். அவ்வளவு அழகாக முடிந்திருந்த கதை இப்படி அவிழும் என்று எதிர்பார்க்கவில்லை. பார்த்ததைச் சொன்னவருக்கு ஒரு கதை, அது காதில் விழாமலே வந்தவருக்கு ஒரு கதை. இரண்டு பேரும் பொய் சொல்கிறவர்களாகத் தெரியவில்லை. ஆனால் ஒன்று இடித்தது. கோபத்தில் நான்கு வருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர், சும்மா சாப்பாட்டுக்காக அந்த ஊருக்கு வருவாரா?

"உங்கம்மா என்ன சொன்னாங்க?"

அவள் என்னைப் பார்த்தாள். "அம்மாகிட்ட யாரு கேட்டா?"

அன்று மதியமே அம்மாவுக்குப் போன் போட்டோம். அவருக்குக் காது கொஞ்சம் மந்தம். இவள் இரண்டு முறை உரக்கக் கேட்க வேண்டியிருந்தது. சாப்பாட்டு ஹாலில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

"நாந்தான் வரச் சொன்னேன்" என்றார் அம்மா. "அதுக்கு முந்துன வாரம் கோயில்ல அண்ணனப் பாத்தேன். அழுதேன். அசனத்துக்காவது வாங்க, வரலைன்னா நான் இனி உங்க மூஞ்சியிலேயே முழிக்க மாட்டேன்னு சொன்னேன். வந்தாவ."

"அப்பாகிட்ட நீ சொல்லவே இல்லியா?"

"எதுக்குச் சொல்லணும்? அவியளுக்கு அவிய வசனத்தால வந்தாவன்னு ஒரு நெனைப்பு. இருக்கட்டும்னு விட்டுட்டேன்." "அவியகிட்ட இதைச் சொல்லிராத, கேட்டியா" என்றார்.

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்து போனை வைத்தாள். மணி அடித்தது. மேஜைக்குப் போய் நின்று பனியன்களைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தோம். அவள் எதிரிலிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள், நானும் சிரித்தேன். மாலை ரயிலில் வரும்போது, இந்தக் கதையை முந்தைய முடிவோடு எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று யோசித்துப் பார்த்தேன். ஒருவரிடமும் மாற்றிச் சொல்லப் போவதில்லை என்று முடிவு செய்துகொண்டேன்.