ஷோகேஸைத் தள்ளிவைத்த ஞாயிற்றுக்கிழமை

என் மகளுக்குப் பார்த்த பையன் அவளைப் படத்துக்குக் கூப்பிடவில்லை, பேரங்காடிக்கும் கூப்பிடவில்லை. மியூசியம் பார்க்கக் கூப்பிட்டார். அதுவும் ஜோகூர் பாருவிலேயே. பாதி ஆயுளை இந்த நகரத்தில் கழித்தவள் நான். எந்தக் கடையில் மீன் கறி நன்றாக இருக்கும், எந்தச் சாலை எப்போது அடைபடும் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மியூசியம் என்றால் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போய் வரிசையில் நிறுத்துகிற இடம் என்றுதான் நினைத்திருந்தேன்.

"பெருசு இல்லம்மா, சின்னச் சின்ன மியூசியம்," என்றாள் மகள். "ஒண்ணு காத்தாடிக்கு மட்டும். இன்னொண்ணு அந்தக் காலத்துல இங்க வந்து மிளகு போட்ட சீனவங்களுக்கு. அவருக்கு அதுலதான் பைத்தியம்."

"வரனைப் பத்திப் பேசும்போது பைத்தியம்னு சொல்லாதே," என்றேன்.

ஜாதகம் பொருந்தியிருந்தது. பையன் சிங்கப்பூரில் வேலை, இங்கே வாடகை வீடு. அவருடைய அம்மா பத்து பாகாட் ஊரில் தமிழ்ப்பள்ளி டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர், கணவர் இல்லை. "கொஞ்ச நாள் பேசிப் பழகட்டும், அப்புறம் முடிவு பண்ணலாம்" என்று அவர்தான் சொல்லி அனுப்பினார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனாலும் இருபத்தொன்பது வயதுப் பெண்ணை வைத்துக்கொண்டு நிபந்தனை போடும் இடத்தில் நான் இல்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டேன்: நானும் கூட வருவேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்படித்தான் நான் மியூசியம் மியூசியமாகச் சுற்ற ஆரம்பித்தேன். காத்தாடி மியூசியத்தில் சுவர் முழுக்க நிலா வடிவத்தில் வாவ் என்கிற பெரிய பெரிய மலாய்க் காத்தாடிகள். ஒவ்வொன்றிலும் காகிதப் பூ வெட்டி ஒட்டியிருந்தார்கள். பையன் ஒவ்வொன்றின் முன்னாலும் நின்று, இது எந்த மாநிலத்துக் காத்தாடி, அதன் தலையில் கட்டிய வில் எப்படிக் காற்றில் முனகும் என்று மகளுக்குச் சொல்லிக்கொண்டே போனார். நான் பின்னால் ஏசி காற்று எங்கே நன்றாக வருகிறது என்று பார்த்துக்கொண்டே போனேன். அடுத்த முறை நகரத்தின் பழைய கடைத்தெருவில் மிளகும் காசுக்கட்டியும் பயிரிட்ட சீனர்களின் மியூசியம். மாடி மேல் மாடி. இரண்டாவது மாடியில் என் முழங்கால் மறுத்துவிட்டது. பையன் எங்கேயோ போய்க் காவலாளியின் நாற்காலியைக் கேட்டு வாங்கிக்கொண்டு வந்து, "ஆன்ட்டி, நீங்க உக்காருங்க, நாங்க மெதுவா பார்த்துட்டு வர்றோம்" என்றார். அந்த நாற்காலியிலேயே அவர் எனக்கு மாப்பிள்ளை ஆகிவிட்டார். இந்த இடம் கைநழுவிப் போய்விடக் கூடாது என்ற பயமும் அதே நாற்காலியில்தான் என்னைப் பிடித்தது.

மூன்றாவது முறை டீச்சரும் பத்து பாகாட்டிலிருந்து வருவதாகச் சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மியூசியம், அதன் பிறகு எங்கள் வீடு. பெண் வீட்டை முதல்முறையாகப் பார்க்க வருகிறார்கள். எங்கள் பக்கத்தில் சம்மதம் இல்லாத வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். அவர்கள் ஒரு வாய் டீ குடித்தால் விஷயம் முடிந்தது என்று அர்த்தம். குடிக்காமல் எழுந்தால், நல்லபடியாகச் சிரித்துவிட்டுப் போனாலும், அவ்வளவுதான்.

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டிங் வேலை செய்கிறார். விடியுமுன் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பாலம் தாண்டிப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். ஞாயிறு ஒருநாள்தான் அவருக்கு ஓய்வு. அன்று அவர் எனக்கு முன்பே எழுந்துவிட்டார். நாங்கள் புறப்படும்போது பழைய பனியனைக் கிழித்து வைத்துக்கொண்டு ஷோகேஸின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். "நீங்க போயிட்டு வாங்க, வீட்டை நான் பார்த்துக்கிறேன்" என்றார்.

அந்த மியூசியம் ஒரு பழைய கடைவீட்டின் மேல்மாடியில் இருந்தது. வீட்டுச் சாமான்களுக்கென்றே ஒருவர் சேர்த்து வைத்து நடத்துவது. ஓர் அறையில் மண்ணெண்ணெய் அடுப்பு, அம்மி, கரி இஸ்திரிப் பெட்டி. இதெல்லாம் காஹாங் எஸ்டேட்டில் நான் பிறந்த லயத்து வீட்டில் பார்த்தவைதான். "இத வெச்சு இஸ்திரி போட்டு நான் கையைச் சுட்டிருக்கேன்" என்று டீச்சரிடம் தழும்பைக்கூடக் காட்டினேன். அவரும் தன் தழும்பைக் காட்டினார். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

அடுத்த அறையின் வாசலில் சிவப்புக் கயிறு கட்டியிருந்தார்கள். உள்ளே ஒரு வரவேற்பறை. மரக் கைவைத்த சோபா, அதன் முதுகில் பின்னல் துணி. ஓரத்தில் கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸ். மேல் தட்டில் பிளாஸ்டிக் ரோஜா, நடுத்தட்டில் கண்ணை மூடித் திறக்கும் பொம்மை, கீழ்த் தட்டில் விளிம்பில் ரோஜாப்பூ போட்ட பீங்கான் கப் செட், கவிழ்த்து வைத்தபடி. அது என் வீடு. கப்பில் இருந்த பூ உட்பட அது என் வீடு. ஷோகேஸ் மட்டும் எங்களுடையது இன்னும் கொஞ்சம் அகலம்.

எங்களுக்கு முன்னால் நின்ற இளம் பெண்கள் கயிற்றின் மேல் சாய்ந்து செல்பி எடுத்துக்கொண்டிருந்தார்கள். மியூசியத்துப் பெண் மலாயில், இது 'ஓராங் டூலு' வீடு, அதாவது அந்தக் காலத்து ஆட்களின் வீடு, இப்படி இப்போது எங்கேயும் பார்க்க முடியாது என்று விளக்கினார். டீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "அலமாக்! இப்படியே வெச்சிருக்காங்களே!"

மகள் உற்சாகமாக என் பக்கம் திரும்பினாள். "ம்மா, நம்ம வீட்டு..." என்று ஆரம்பித்தாள். நான் அவள் காலை மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன். அவள் என்னைப் பார்த்த பார்வையைக் கண்டுகொள்ளாமல், "வயிறு ஒரு மாதிரியா இருக்கு, வந்துடுறேன்" என்று கழிவறைக்குப் போய் வீட்டுக்குப் போன் போட்டேன்.

"அந்த ஷோகேஸைப் பின்னாடி ரூமுக்குத் தள்ளிடுங்க. சோபா மேல இருக்கிற துணியையும் எடுத்துடுங்க."

"ஏன்?"

"சொன்னதைச் செய்யுங்களேன். அப்புறம் சொல்றேன்."

"இப்பத்தான் துடைச்சு முடிச்சேன்," என்றார். பிறகு, "கனமா இருக்கும்லா. தனியா தூக்க முடியாது" என்றார்.

"பக்கத்து வீட்டுச் சீனரைக் கூப்பிடுங்க. அவங்க வர்றதுக்குள்ள முடியணும்."

அந்த ஷோகேஸ் எப்படி வந்தது என்று எனக்குத் தெரியாதா? எஸ்டேட்டை விட்டு இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்த புதிதில், வாசலைத் திறந்தால் வெறும் சுவர் தெரிந்தது. அவர் தனக்குச் சட்டைகூட வாங்காமல் முதல் போனஸில் அதை வாங்கி வந்தார். லாரியில் அது ஆடாமல் இருக்க, பின்னால் ஏறி அதைக் கட்டிப் பிடித்துக்கொண்டே வந்தார். தீபாவளிக்குத் தீபாவளி வார்னிஷ் அடிப்பார், அது மட்டும் அவர் வேலை, யாரையும் தொட விடமாட்டார். இதெல்லாம் கழிவறையில் நிற்கும்போதும் எனக்கு நினைவில் இருந்தது. நினைவில் வைத்துக்கொண்டேதான் சொன்னேன்.

நாங்கள் வீட்டுக்கு வந்தபோது அவர் குளித்து, தலை வாரி, நல்ல சட்டை போட்டு வாசலில் நின்றிருந்தார். புறங்கையில் தோல் உரிந்து சிவந்திருந்தது. உள்ளே சோபா மொட்டையாக இருந்தது. ஷோகேஸ் இருந்த இடத்தில் சுவர் மட்டும் புதுப் பெயிண்ட் போல வெளுத்திருக்க, சுற்றிலும் பல வருஷத்து மஞ்சள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அந்தச் சோறுகூட எனக்குக் கிடைக்கவில்லை.

"வீட்டுக்குச் சாயம் அடிக்கப் போறோம்," என்று யாரும் கேட்காமலே சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு, "ஆமா, அடிக்கணும்" என்றார்.

டீச்சர் அந்த வெளுத்த சுவரைப் பார்த்தார், தன் மகனைப் பார்த்தார், பிறகு உட்கார்ந்தார். பிள்ளைகளைப் பற்றி, பத்து பாகாட் மழையைப் பற்றி, பாலத்து நெரிசலைப் பற்றிப் பேச்சு ஓடியது. நான் முறுக்குத் தட்டை அவர் பக்கம் தள்ளித் தள்ளி வைத்தேன். அவர் தொடவில்லை.

பிறகு அவரே என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சிரித்தபடி சொன்னார். "அண்ணே, மியூசியத்துல ரோசாப்பூ போட்ட கப் ஒண்ணு பார்த்தேன். எங்க வீட்டுலயும் அந்த மாதிரி இருந்துச்சு, ஒண்ணு விடாம உடைச்சாச்சு. பார்த்ததுல இருந்து அந்த மாதிரி கப்புல ஒரு டீ குடிக்கணும்போல இருக்கு."

டீ குடிக்கிறேன் என்கிறார். சம்மதம் என்கிறார். என் வீட்டுக்காரரின் முகம் மலர்ந்தது. இரண்டு கைகளையும் முழங்காலில் ஊன்றி எழுந்தார், பின்னறைப் பக்கம் ஓர் அடிகூட வைத்தார். நான் பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்று சொல்லத் தேவையில்லை, கல்யாணம் ஆன ஆண்களுக்கு அந்தப் பார்வை தெரியும். பின்னறையைத் திறந்தால் நான் மறைத்தது எல்லாம் வெளியே வந்துவிடும் என்ற ஒன்றுதான் என் தலையில் இருந்தது.

அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். முகத்தில் இருந்த மலர்ச்சியைத் துடைத்துக்கொள்ளத் தெரியாமல் கொஞ்ச நேரம் அதே சிரிப்போடு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் சமையலறைக்குப் போய், என் வீட்டுக்காரருக்குப் பட்டறை விருந்தில் கொடுத்த மக் கோப்பைகளில் டீ ஊற்றிக்கொண்டு வந்தேன். நான்கும் நான்கு நிறம். டீச்சர் வாங்கி, மிச்சம் வைக்காமல் குடித்தார். தையில் நாள் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் புறப்பட்டார். நான் ஜெயித்துவிட்டேன் என்ற நினைப்பில் வாசல் கேட்டைச் சாத்தினேன்.

உள்ளே வந்ததும் மகள், "அவங்களுக்குத் தெரியும்மா" என்றாள்.

"என்ன தெரியும்?"

"நம்ம ஷோகேஸ். போன மாசமே அவருக்குப் போட்டோ அனுப்பினேன். அவர் அவங்கம்மாகிட்ட காட்டியிருக்கார். அதனாலதான் இன்னைக்கு அந்த மியூசியத்துக்கே போனோம். நம்ம ஷோகேஸை நேர்ல பார்க்கணும்னு ஆசையா வந்தாங்க. அந்தக் கப்பைக் கேட்டதும் அதுக்குத்தான்."

எனக்கு உட்கார வேண்டும்போல இருந்தது. மொட்டை சோபாவில் உட்கார மனம் வராமல் நின்றேன். அந்த அம்மா எல்லாம் தெரிந்தே என் பொய்யைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதிலிருந்து நான் இறங்க ஒரு படியும் போட்டுக் கொடுத்தார். நான் மக்கை நீட்டினேன். இனி ஆயுசுக்கும் சம்பந்தி என்று அவர் முகத்தில் விழிக்க வேண்டும்.

ஆனால் அது பாதி வெட்கம்தான். மீதிப் பாதி அதன் பிறகு வந்தது. என் வீட்டுக்காரர் மகளிடம் திரும்பி, "மியூசியத்துல என்ன இருந்துச்சு?" என்று கேட்டார். அவருக்கு இன்னும் யாரும் காரணம் சொல்லியிருக்கவில்லை.

"நம்ம ஷோகேஸ் மாதிரியே ஒண்ணுப்பா. கப்பு, பொம்மை, எல்லாம் அப்படியே."

அவர் புறங்கைக் காயத்தைத் தடவிக்கொண்டார்.

"நல்லா வெச்சிருந்தாங்களா?"

"நல்லா வெச்சிருந்தாங்கப்பா. லைட்டெல்லாம் போட்டு."

"அப்ப சரி," என்றார்.

நான் அவசரமாக, பக்கத்து வீட்டுச் சீனரைக் கூப்பிடுவோம், இப்போதே பழைய இடத்தில் வைத்துவிடுவோம் என்றேன். என் குரல் எனக்கே கெஞ்சலாகக் கேட்டது. அவர் கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு வார்த்தை பேசி ஆறியிருப்பேன். அவர் கோபப்படவில்லை. "இருக்கட்டும்லா. கல்யாணத்துக்கு ஆளுங்க வருவாங்க, மறுபடி தூக்கணும். எனக்கும் முதுகு முன்ன மாதிரி இல்ல," என்றார்.

அந்த வாரமே சுவருக்குச் சாயம் அடித்தார். நான் சொன்ன பொய் அவரால் உண்மையாகிவிட்டது. வெளுத்த இடம் இப்போது தெரியாது. கல்யாண வேலைகள் நடக்கின்றன. சம்பந்தியம்மா போனில் அன்பாகவே பேசுகிறார், அந்த நாளைப் பற்றி மட்டும் எதுவும் கேட்பதில்லை.

போன ஞாயிறு சாயந்தரம் பின்னறைக்குப் போய் அந்த ரோஜாக் கப்பை எடுத்துக் கழுவி, அதில் அவருக்கு டீ கொண்டுபோய்க் கொடுத்தேன். கப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாங்கிக் குடித்தார். "சீனி சரியா இருக்கு" என்றார். பிறகு எழுந்து போய்த் தானே அதைக் கழுவித் துடைத்து, பின்னறைக்குக் கொண்டுபோய் ஷோகேஸில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்தார்.